இடது பக்கக் கோளாறு

ஜூன் 4, ஞாயிறு

சர்வேயர் சங்கத்தின் காலாண்டிதழுக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'பழைய ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் வாங்குவோர் கவனத்துக்கு.' எட்டுப் பக்கம். ஆகஸ்ட் முடிவதற்குள். இதழ் இருநூறு பேருக்குப் போகிறது. அதைப் பிரித்துப் படிப்பவர்கள், அந்தந்த இதழில் எழுதியவர்கள்.

இருபத்தொன்பது வருடமாக இன்ஷூரன்ஸுக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதுகிறேன். எந்த வண்டி எப்படிப் பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியும். வண்டி சொல்லாத பொய்யை உரிமையாளர் சொல்வார், அதுவும் தெரியும். ஆனால் ஓட்டச் சுகமான வண்டி ஒன்றைக்கூட நான் வைத்திருந்ததில்லை. வீட்டில் நிற்பது சாம்பல் நிற செடான். நல்ல வண்டி. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஆகவே கட்டுரையோடு நிற்காமல் ஒன்றை வாங்கியே விடுவது என்று முடிவு செய்தேன். டர்போ வைத்த சின்ன வண்டி. டிசம்பரில் எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. அதற்குள் ஆழியாரிலிருந்து வால்பாறை வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் நானே ஓட்டி ஏற வேண்டும். இதுவரை அந்த மலைக்குப் போனதெல்லாம் பள்ளத்தில் விழுந்த வண்டிகளைப் பார்க்க, யாரோ ஓட்டிய ஜீப்பில்.

வசந்தாமணியிடம் சொன்னேன். என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் ஒருமுறை சரிபார்ப்பாள்.

"இருக்கற வண்டிக்கு என்னங்க கேடு?"

"கேடு ஒண்ணுமில்ல. அதான் கேடு."

அவள் என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு சப்பாத்தி மாவைப் பிசையப் போய்விட்டாள்.

ஜூன் 11, ஞாயிறு

கட்டுரைக்கு முதல் விதி: வண்டியைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். நாம் போவதற்கு முன்பே உரிமையாளர் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது. காலையில் முதல் தடவை கிளம்பும்போதுதான் ஒரு வண்டி தன் உண்மை வயதைச் சொல்லும்.

சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் பையனின் நீல நிற வண்டி. துணைக்கு ஹனீபா பாயை அழைத்துப் போனேன். உக்கடத்தில் பட்டறை வைத்திருப்பவர். என் அறிக்கைகளை வைத்து இருபது வருடமாக வண்டிகளைப் பிரித்துக் கோத்திருக்கிறார். பாய் பானெட்டின் மேல் கையை வைத்தார்.

"தம்பி, காலையில எங்கியோ போயிட்டு வந்தாப்ல இருக்கு?"

"இல்ல அங்கிள், சும்மா... வாஷ் பண்ணப் போனேன்."

"வாஷ் பண்ணுனா வண்டி பச்சத்தண்ணி மாதிரி இருக்கோணுமே."

ஆனாலும் பாய்க்கு வண்டி பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. கிளட்ச் மிதி மேலே எழும்ப நேரம் எடுக்கிறது. கால் எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டே இருப்பதுபோல. இரண்டு இடத்தில் அணைந்தது. பாய் ஓட்டியபோது அணையவில்லை. பழகிய கை அல்லவா, அவருக்கு எல்லா வண்டியும் பணியும்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 13, செவ்வாய்

இந்த வருடம் வாங்கிய ரீஃபில் எதுவும் சரியில்லை. எழுத்து போகப்போகச் சிறுத்துவிடுகிறது. இது கோடு போடாத டைரி. ஒரு பக்கத்தில் முன்பைவிட நிறைய வரி பிடிக்கிறது. காகிதம் மிச்சம்.

ஜூன் 17, சனி

வசந்தாமணி இரண்டு வாரமாகச் சனி ஞாயிறு காலைகளில் வாக்கிங் போகிறாள். தெருக்கோடி சுலோச்சனா டீச்சரோடு. நல்லது. ஆனால் திரும்பி வந்து இடது முழங்காலுக்கு மட்டும் தைலம் தேய்த்துக்கொள்கிறாள். இரண்டு காலாலும்தானே நடக்கிறாய் என்று கேட்டேன். "வயசாச்சுங்க, ஏதோ ஒண்ணு வலிக்கும்" என்றாள். ஆசிரியர்கள் காரணம் சொல்லும்போது கேள்வி கேட்கக் கூடாது.

ஜூன் 25, ஞாயிறு

இரண்டாவது விதி: மூக்கு. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்க்க வேண்டும். பால் கலந்ததுபோல் வெளுத்த பசை இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிந்து ஆயிலில் சேர்கிறது. பார்ப்பதற்கு முன்பே முகர்ந்து தெரிந்துகொள்ளலாம். கூலன்ட் தித்திப்பாக மணக்கும். கருகிய கிளட்சுக்குத் தனி வாடை. இவற்றைப் பெயின்ட் அடித்து மறைக்க முடியாது.

திருப்பூரில் வெள்ளை வண்டி. பனியன் கம்பெனிக்காரர். பாய் பானெட்டைத் திறந்ததும் முகம் சுளித்தார்.

"சார், வாடை தெரியுதுங்களா?"

"எது?"

"பாயாசம் மாதிரி வீசுதே. இங்க நின்னாலே தெரியுது."

எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. குனிந்து முகர்ந்தேன். பனியன் கம்பெனிக்காரரே ஒத்துக்கொண்டார், "ஆமாங்ண்ணா, லேசா லீக் இருக்குங்க." பட்டறைக்காரர்களுக்குக் கற்பனை அதிகம், ஆனால் கற்பனை சரியாக அமைந்துவிட்டது. என் மூக்கு போன மழைக்காலச் சளியிலிருந்தே மந்தம்தான்.

ஓட்டியும் பார்த்தேன். இதிலும் கிளட்ச் தாமதம். தவிர, இரண்டாவது கியர் விழ மறுக்கிறது. கையைக் கொண்டுபோகிறேன், போகிறது, விழவில்லை.

திரும்பி வரும்போது என் செடானை பாய் ஓட்டினார். நான் கேட்கவில்லை. அவராகவே சாவியை வாங்கிக்கொண்டார்.

ஜூலை 1, சனி

மூன்றாவது விதி: டயர். நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஒரு ஓரத்தில் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் எங்கோ அடி வாங்கியிருக்கிறது, அல்லது அடியில் ஏதோ இழுக்கிறது. உரிமையாளர் என்ன சொன்னாலும் டயரைத்தான் நம்ப வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வசந்தாமணி என் செருப்புகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். எழுதும் மேசைமேல்.

"இதையுங் கொஞ்சம் பாருங்க."

இடது செருப்பின் முன்பகுதி தேய்ந்து ஓட்டை விழப் போகிறது. வலது புதிது போல இருக்கிறது. இரண்டும் பொங்கலுக்கு வாங்கியவை.

"மட்டமான செருப்பு" என்றேன்.

"ரெண்டும் ஒரே பெட்டியில வந்ததுங்க."

"அதனாலதான் சொல்றேன்."

அவள் செருப்புகளை எடுத்துக்கொண்டு போனாள். சிறிது நேரம் கழித்துப் பார்த்தபோது வாசற்படியில் உட்கார்ந்து அவற்றை மடியில் வைத்திருந்தாள். துடைக்கிறாளோ என்று நினைத்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

பொள்ளாச்சி. தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் கறுப்பு வண்டி. பெயர் செங்கோட்டையப்பன். இளநீர் வெட்டிக் கொடுத்தார். டம்ளரில் ஊற்றிக் கொடுத்திருக்கலாம். காயைப் பிடித்துக் குடித்ததில் சட்டை நனைந்தது.

நான்காவது விதி: சர்வீஸ் புத்தகம் இல்லாத வண்டியைத் தொடக் கூடாது. இருந்தாலும் புரட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து வருடத்துப் பதிவுகளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால் நேற்று உட்கார்ந்து எழுதியது. உண்மையான புத்தகத்தில் கையெழுத்து மாறும், மை மாறும், கறை இருக்கும்.

இவருடைய புத்தகம் சுத்தமான உண்மை. வண்டியும் பார்வைக்கு அப்படித்தான். ஆனால் ஓட்டினால் அதே கிளட்ச், அதே இரண்டாவது கியர். போதாததற்கு ஒரு புதிய கோளாறு. கியர் குமிழின் மேல் கையைச் சும்மா வைத்திருந்தால் குமிழ் அதிர்கிறது. இன்ஜினை அணைத்தேன். அணைத்த பிறகும் அதிர்ந்துகொண்டிருந்தது. இருபத்தொன்பது வருடத்தில் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. கட்டுரையில் தனியாக ஒரு பத்தி கொடுக்கலாம்.

செங்கோட்டையப்பனிடம் கியர் பாக்ஸைச் சந்தேகப்படுகிறேன் என்று சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அப்டீங்களாண்ணா? நானே ஓட்டறேன், எனக்குத் தெரீலீங்களே."

"தினமும் ஓட்டறவருக்குத் தெரியாது. பழகிடும்."

ஹனீபா பாய் அந்த நேரம் தென்னைமரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றுமில்லை.

ஜூலை 16, ஞாயிறு

வண்டி எதுவும் பார்க்கவில்லை. ஐந்தாவது விதியை எழுதி முடித்தேன். ஸ்கேனர் கருவியை வண்டியில் செருகினால் அதன் கணினி பிழைக் குறியீடுகளைக் காட்டும். விற்பவர்கள் சிலர் முதல் நாளே குறியீடுகளை அழித்துவிட்டு, 'பாருங்க, ஒண்ணுமே இல்ல' என்பார்கள். ஏமாறக் கூடாது. அழித்த வண்டி, தன்னைத்தானே இன்னும் சோதித்து முடிக்கவில்லை என்று கருவியில் காட்டும். ஒன்றுமே இல்லாத வண்டி என்று உலகத்தில் கிடையாது.

ஜூலை 23, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

ரேஸ்கோர்ஸ் பக்கம், ஒரே உரிமையாளர், சிவப்பு. காலை ஏழு மணிக்குப் பானெட் பனிக்கட்டியாக இருந்தது. உரிமையாளர் மரகதவல்லி அம்மாள், ஓய்வுபெற்ற தாசில்தார். கோளாறுகளை ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தார்: பின்கதவு ரப்பர் கிழிசல், இடது கண்ணாடியில் கீறல், ஏசி மே மாதத்தில் மட்டும் மக்கர். விற்பவர் ஒருவர் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. தாசில்தாராக இருந்தபோதும் இப்படித்தானா என்று கேட்க நினைத்தேன். மரியாதைக்காக விட்டேன்.

டயர் நான்கும் சீர். மிதி ரப்பர்களின் தேய்மானம் மீட்டரில் ஓடிய தூரத்துக்குப் பொருத்தம். கிளப்பியபோது ஒரு சிறிய உறுமல், பிறகு அமைதி. மூன்றாவது கியரில் அவிநாசி ரோடில் மிதித்தபோது முதுகு இருக்கையில் அழுந்தியது. இதுதான். இதற்காகத்தான்.

சிக்னலில் ஒரு சிறு தடங்கல். கிளட்சிலிருந்து கால் வர நேரமாகி, பிறகு மொத்தமாக வந்துவிட்டது. வண்டி துள்ளியது. முன்னால் பால் கேனோடு ஒருவர் கடந்துகொண்டிருந்தார். பாய் கைபிரேக்கை இழுத்தார். கேனுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. பால்காரர் திட்டியதை இங்கே எழுத வேண்டியதில்லை. நியாயமான சொற்கள்தான்.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "இதுலயும் கிளட்ச் சரியில்ல பாய்" என்றேன்.

பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சார், நாலு வண்டிங்க. நாலு கம்பெனி. நாலையும் நான் ஓட்டுனேன். நாலும் கிளட்ச் நல்லாருக்கு."

"கியர்?"

"கியரும் நல்லாருக்கு."

"பொள்ளாச்சி வண்டி அணைச்ச பிறகும் அதிர்ந்துதே?"

"வண்டி அதிரல சார்."

ஏசியைக் குறைத்தார். அதற்கு அவசியமில்லை.

"என்ற வாயால இதைச் சொல்ல வெச்சுட்டீங்களே சார்" என்றார்.

ஜூலை 24, திங்கள்

வசந்தாமணி டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். பாய் நேற்று மாலை அவளிடம் பேசியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். இல்லை. நேரம் வாங்கியது ஜூன் மாதத்தில். அந்த டாக்டரிடம் அவ்வளவு கூட்டமாம்.

ஆகஸ்ட் 3, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அறிக்கை எழுதுபவன் அப்படித்தான் எழுத வேண்டும்.

காலை நாலரைக்கு எழுந்தேன். மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் நடந்தேன். இடது பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்தேன். வெந்நீரில் கைகளை முக்கி வைத்திருந்தேன். விரல்களை மடக்கி நீட்டினேன். வசந்தாமணி குளிக்கப் போனதும் அவள் கைப்பையைத் திறந்தேன். எதிர்பார்த்ததுபோல் ஒரு தாள் இருந்தது. பள்ளி நோட்டிலிருந்து கிழித்தது. எண் போட்டு எழுதியிருந்தாள். ஒன்று, இடது கை வீசாமல் நடக்கிறார். இரண்டு, சாம்பார் தீய்ந்தது தெரியவில்லை. மூன்றாவதைப் படிக்கவில்லை. மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் சின்னப் பெண். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் வயது இருக்கும். நடக்கச் சொன்னார், நடந்தேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார், தட்டினேன். ஏறக்குறைய நன்றாகவே தட்டினேன்.

"வேற ஏதாவது தொந்தரவு கவனிச்சீங்களா சார்?"

"ஒண்ணுமில்லைங்க."

"மேடம், நீங்க?"

வசந்தாமணி கைப்பையில் தேடினாள். மறுபடியும் தேடினாள். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கைப் பார்த்து எழுதிய பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு என் மடியிலிருந்த தோல்பையைத் திறந்து இந்த டைரியை எடுத்து டாக்டரின் மேசையில் வைத்தாள்.

"அவருக்கு ஒண்ணுமில்லைங்க டாக்டர். இதை மட்டும் கொஞ்சம் பொரட்டிப் பாருங்க."

டாக்டர் படிக்கவில்லை. புரட்டினார். ஜனவரியில் ஒரு விரலையும் ஜூலையில் ஒரு விரலையும் வைத்துக்கொண்டு மாறிமாறிப் பார்த்தார்.

"ஜனவரியில பக்கத்துக்குப் பதினெட்டு வரி. போன வாரம் முப்பத்தொண்ணு" என்றாள் வசந்தாமணி. எண்ணியே வைத்திருக்கிறாள்.

"ரீஃபில் சரியில்ல" என்றேன்.

"ஏழு மாசமாவா சார்?" என்று டாக்டர் கேட்டார். கேலியாக இல்லை.

பிறகு என்னைச் சும்மா உட்காரச் சொன்னார். கைகளை மடியில் வைத்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. எழுபத்தொன்பதில் மூவரும் என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பார்க்கின்சன் என்று பெயர். தொடக்க நிலை. மாத்திரை இருக்கிறது, நன்றாகக் கேட்கும், ஆனால் மாற்றித் தர முடியாத பாகம் என்றார். இல்லை, டாக்டர் பாகம் என்று சொல்லவில்லை. அது என் சொல். வண்டி ஓட்ட வேண்டாம், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வண்டி எதுவும் திரும்ப ஓடியதில்லை.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து அவளிடம் கொடுத்தேன். வாங்கிப் பிரித்து, மடிப்பை நகத்தால் நீவிவிட்டு, பையில் வைத்துக்கொண்டாள். உக்கடம் தாண்டும்வரை என் இடது கையைப் பிடித்திருந்தாள். அவள் பிடித்திருந்தவரை அது சும்மா இருந்தது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

மாத்திரை: மூன்று வேளை. கட்டுரை: எழுதவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

பொள்ளாச்சி செங்கோட்டையப்பனைத் தொலைபேசியில் அழைத்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"அண்ணா, நீங்க சொல்லீட்டுப் போனீங்கன்னு கியர் பாக்ஸை இறக்கிப் பாத்துட்டனுங்க. மெக்கானிக் ஒண்ணுமே இல்லீங்கறான். உங்கள மாதிரி பெரியவங்க சும்மா சொல்வீங்களா, நல்லாப் பாருடான்னு திட்டிவுட்டேன். இன்னும் பிரிச்சுத்தான் கெடக்குது."

பிரித்ததைப் பூட்டச் சொன்னேன். வண்டி நன்றாக இருக்கிறது, தவறு என்னுடையது என்றேன்.

"அப்ப கோளாறு எங்கீங்ண்ணா?"

"இடது பக்கம்" என்றேன். "வண்டியில இல்ல."

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன்.  தோப்பிலிருந்து இளநீர் அனுப்பட்டுமா என்று கேட்டார். டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறேன் என்றேன்.

அன்று இருபத்தொன்பது வருட அனுபவத்தோடு பேசினேன். அந்த அனுபவம் இப்போது ஒரு தோப்பில் தார்ப்பாய்மேல் பல்சக்கரம் பல்சக்கரமாகப் பரப்பிக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலை ஏழே காலுக்கு வாசலில் ஒரு உறுமல், பிறகு அமைதி. எனக்குத் தெரிந்த உறுமல். போய்ப் பார்த்தால் சிவப்பு வண்டி. ஓட்டுநர் இருக்கையிலிருந்து வசந்தாமணி இறங்குகிறாள். வாக்கிங் செருப்போடு. மறுபக்கத்திலிருந்து ஹனீபா பாய் இறங்கி, என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்தார். தாசில்தார் அம்மாளிடம் பேசி இருவருமாக வண்டியை வாங்கிவிட்டிருந்தார்கள்.

அவளிடம் லைசென்ஸ் உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் எடுத்தது. எடுத்த வாரத்தில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவிநாசி ரோடில் ஓட்டினாள். நான் கிளட்ச் என்றேன், கண்ணாடி என்றேன், இன்னும் சில சொன்னேன். நடுவழியில் ஓரங்கட்டி, சாவியை என் மடியில் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"சுலோச்சனா டீச்சரோட வாக்கிங்?"

"அவ எங்கீங்க நடக்கறா. டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்துட்டேன். ஜூன் மொதல் வாரமே."

"ஜூன் முதல் வாரமா? அப்ப எனக்கே தெரியாதே."

"உங்களுக்குத்தாங்க தெரியாது."

இடது முழங்கால். கிளட்ச். தினமும் நான் கிளட்சைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன், பக்கத்து அறையில் தைல வாசனை... தைலம் மணந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"என்னைப் பக்கத்துல வெச்சு ஓட்ட மாட்டேன்னு சொன்னியே?"

"இப்பவும் புடிக்காதுங்க. வேற ஆளுக்கு எங்க போறது?"

ஆகஸ்ட் 29, செவ்வாய்

கட்டுரையை அனுப்பினேன். எட்டுப் பக்கம் கேட்டிருந்தார்கள், என் கையெழுத்தில் நாலரைதான் வந்தது. கடைசி விதி இது: பார்க்கிற வண்டியிலெல்லாம் ஒரே கோளாறு தெரிந்தால், அடுத்த வண்டியைப் பார்க்கப் போகும் முன் சற்று உட்காரவும். ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, இது புரியவில்லை, எடுத்துவிடலாமா என்றார். எடுத்துவிடலாம் என்றேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

ஆழியாரில் காலை எட்டு மணிக்கு மலை ஏறத் தொடங்கினோம். புறப்படும் முன் வசந்தாமணி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"பேசாம வரோணும்."

பேசாமல் வந்தேன். முதல் வளைவில் பலகை: 1/40. வண்டியை இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹார்ன் அடித்து, வெளிப்பக்கமாக வந்து உள்ளே திருப்பினாள். நான் திருப்பியிருப்பதைவிட மெதுவாக. நான் திருப்பியிருப்பதைவிட நன்றாக. டர்போ மூச்சிழுக்கும் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. ஒன்பதாவது வளைவில் எல்லோரும் அணையைப் பார்க்க நிறுத்துவார்கள். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் ஏற்றத்தில் கிளப்ப வேண்டும். அது அவளுக்கு இன்னும் பயம் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், பரீட்சை அறையில் கடைசிக் கேள்விக்கு வந்த பெண்ணைப்போல.

நீர்வீழ்ச்சி எங்கோ விழும் சத்தம் கேட்டது. காட்டு வாடை வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றாள். எப்படி என்றேன். பேசாமல் வரச் சொன்னேன் இல்லையா என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள்.

"ஈர மண்ணு. கொஞ்சம் எலுமிச்சம்பழம் மாதிரி. எதோ பூ, பேரு தெரீல."

இருபத்திரண்டாவது வளைவு மற்றவற்றைவிடச் செங்குத்து. எனக்குத் தெரியும், அதன் கீழே இரண்டு வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியிருக்கிறேன். இன்ஜின் சத்தம் இறங்கத் தொடங்கியது. கியர் மாற்ற வேண்டிய இடம். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் இடது கால் மட்டும் தானாக எழும்பி, ரப்பர் விரிப்பின்மேல் இல்லாத ஒரு மிதியைத் தேடிப் போனது.

அவள் கியர் மாற்றி, வளைவைத் தாண்டிவிட்டிருந்தாள். என் கால் அப்போதுதான் கீழே போய்க்கொண்டிருந்தது.